இடது பெடல்

இடது பெடல் மட்டும்
எதிர்த்திசையில் கழலும்.
பன்னிரண்டு பந்தயத்துக்குப் பிறகும்
முதலில் தப்பான பக்கம்தான் திருகுகிறேன்.

சீட்டு நிற்கவேண்டிய உயரத்தில்
மகளின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு.
அறுபத்தெட்டரை சென்டிமீட்டர்.
வரப்பையும் வாய்க்காலையும் பங்காளிச் சண்டையையும்
சங்கிலி போட்டு அளக்கிற உத்தியோகம் எனக்கு.
அரை குறைந்தாலும்
முட்டி மனு கொடுத்துவிடும்.

ஹேண்டிலைக் கழற்றி, சக்கரங்களைக் கழற்றி,
பழைய போர்வையில் சுற்றி,
புதுச்சேரி சைக்கிள் கடை சாதிக் பாட்சா
காசு வாங்காமல் தந்த அட்டைப்பெட்டியில்
ஒருக்களித்துப் படுக்கவைத்து
டேப் ஒட்டும்போது
கடத்தல்காரி மாதிரிதான் இருக்கிறது.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஆட்டோ.
பெட்டி பாதி உள்ளே, பாதி வெளியே.
கெடிலம் பாலத்தில் காற்று அதைப் பிடித்து இழுக்க
நான் இந்தப் பக்கம் இழுத்தேன்.
"பிரிட்ஜாக்கா?" என்றார் ஓட்டுநர்.
"சைக்கிள்."
"சைக்கிள ஏறி ஓட்டிட்டே வந்திருக்கலாமே."
அதற்குப் பதில் எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

திருப்பாப்புலியூரில் வண்டி
ரெண்டு நிமிஷம்தான் நிற்கும்.
எஸ்-ஃபோர் எங்கே வரும் என்று
போர்ட்டர் ஒரு இடம் சொன்னார், டீக்கடை ஒரு இடம் சொன்னது.
வந்தது மூன்றாவது இடத்தில்.
ஓடினேன்.
தேவனாம்பட்டினத்து மணலில் ஓடிய ஓட்டமெல்லாம்
இதற்குத்தானா என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.
பெட்டியின் மறுமுனையை யாரோ தூக்கினார்கள்.
ஏறிய பிறகுதான் முகம் பார்த்தேன்.

ஒரு கையால்தான் தூக்கியிருக்கிறார்.
இன்னொரு கையில் பொன்னி அரிசிப் பை,
அதற்குள் மஞ்சள் துணி கட்டிய சொம்பு.
ராமேஸ்வரம் வண்டியில் அது என்னவென்று
யாரும் கேட்பதில்லை.
என்னுடையதைத்தான் எல்லோரும் கேட்டார்கள்.
டிவியா, ஆர்மோனியமா, சாமி படமா?
டிக்கெட் பரிசோதகர் பேனாவால் தட்டிப் பார்த்தார்.
"இது எந்த பெர்த்?"

கழிவறைப் பக்கத்துச் சுவரோடு சாய்த்து,
கயிற்றின் ஒரு நுனியைப் பெட்டியிலும்
மறு நுனியை என் கணுக்காலிலும் கட்டி உட்கார்ந்தேன்.
எதிரே அவரும் படுக்கவில்லை.
கீழே வைக்கக்கூடாதாம்.
ஆதிமூலம் என்று பேர் சொன்னார். சொம்பில் தம்பி.
சிதம்பரம் தாண்டியதும் கூச்சத்தோடு கேட்டார்:
"கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா,
பாத்ரூம் போவணும்."

வாங்கினேன்.
அளவெடுத்தே பழகிய கை
தன்னையறியாமல் எடை பார்த்தது.
என் முன்சக்கரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.
அப்படி நினைத்ததற்கு
பெட்டியைப் பார்த்தபடி வெட்கப்பட்டேன்.

விடியற்காலை நான் முகம் கழுவப் போனபோது
என் கயிற்றை அவர் கையில் சுற்றிக்கொண்டார்.
மண்டபத்தில் நாளைக்கு நீச்சல் என்றேன்,
ஒன்றரைக் கிலோமீட்டர்; பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம்.
"யாரு தொரத்துறாங்க?" என்று கேட்டுவிட்டு
முதல்முறையாகச் சிரித்தார்.
நான் இறங்கும்போது பெட்டியைத் தள்ளிக்கொடுத்து,
"இன்னிக்கி அவன், நாளைக்கி நீங்க.
தண்ணி ஒண்ணுதான்."

மறுநாள் கடலில்
மூன்றாவது மிதவையில் ஒரு அலை
வாய் நிறையப் புகுந்தது.
மண்டபத்துக்கும் அக்னி தீர்த்தத்துக்கும்
எத்தனை கிலோமீட்டர் என்று எனக்குத் தெரியும்.
நீரோட்டம் எந்தப் பக்கம் என்றும் விசாரித்துவைத்திருந்தேன்.
இருந்தாலும்
துப்பவில்லை.

நூற்றுப் பதினேழாவது இடம்.
கேட்பவர்களுக்கு அவ்வளவுதான் சொல்வது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு
குறிஞ்சிப்பாடியில் எல்லைக்கல் நடவேண்டும்.
அதற்குமுன் மொட்டைமாடியில்
டேப்பைக் கிழித்து, போர்வையை உதறி,
சிவப்புக் கோடுவரை சீட்டை இறக்கி
இடது பெடலைப் பூட்டுகிறேன்,
தப்பான பக்கம்.
பிறகு சரியான பக்கம்.

வண்டி ஓடுகிறது.
எங்கிருந்து கழன்றதென்று தெரியாத
ஒரு வாஷர் மட்டும்
உள்ளங்கையில் மிச்சம்.