மறுபக்கம்

பிரேக்கைத் தொட்டால் போதும்,
கடன் கொடுத்தவனை எதிரில் கண்டவன் மாதிரி
தலையைக் கவிழ்த்துக்கொள்ளும் எங்கள் குட்ஸி.
எழுபத்தைந்தாம் வருடத்து வண்டி.
அது குனியும்போதெல்லாம்
பின்னால் இருக்கும் இவானோ முன்னே சரிவான்,
அவன் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் இடிக்கும்:
டொக்.

ஃபயென்ஸாவில் ஏறி மர்ராதியில் இறங்குவதற்குள்
எண்பத்தேழு டொக்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணினேன்.

கழுத்து வலிக்கு மருத்துவர் தைலம் எழுதினார்.
நெவியோ எழுதிய சீட்டு வேறு:
ஸ்பிரிங் இரண்டு, டேம்பர் இரண்டு,
எண்ணெய் சீல் ஒரு ஜோடி.
"பழையது செத்து இருபது வருஷமாச்சு, சின்யோரா.
நீங்கள் பிணத்தின் மேல் உட்கார்ந்து
ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள்."

ஜனவரி. வெளியே மூடுபனி,
எதிர்வீட்டு விளக்குகூடத் தெரியவில்லை.
இஞ்சினுக்கு அடியில் ஒயின் பெட்டி முட்டுக்கொடுத்து
முன்சக்கரத்தைக் கழற்றினேன்.
ஃபோர்க் கால்களிலிருந்து வடிந்த எண்ணெய்
கறுத்து, மீன் நாற்றம் அடித்தது.
ஒரு சர்கிளிப் தெறித்து
குளிர்பெட்டிக்கு அடியில் ஓடி ஒளிந்தது.
முக்கால் மணி நேரம் தரையில் கிடந்து தேடினேன்.
போன வருடம் தொலைத்த தோடுதான் முதலில் கிடைத்தது.

பழைய டேம்பரைக் கையில் எடுத்தேன்.
வா என்றால் வந்தது,
போ என்றால் போனது.
புதியதை அமுக்கினேன்.
யோசித்தது.
அப்புறம்தான் இடம் கொடுத்தது,
திரும்பி வரவும் அவசரப்படவில்லை.

இவானோ எட்டிப் பார்த்தான், புருவமெல்லாம் மாவு.
பேக்கரிக் குவளையில் எண்ணெய் அளந்து தந்தான்.
அந்தக் குவளை
பேக்கரிக்குத் திரும்பிப் போகவில்லை என்றே
இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச்சில் கிளம்பினோம்.
பிரிஸிகெல்லா தாண்டி முதல் கொண்டை ஊசி.
பிரேக் பிடித்தேன்.
வண்டி வேகம் குறைந்தது, தலை குனியவில்லை.
ஒரு குழி வந்தது;
கைக்குச் சேதி மட்டும் வந்தது,
அடி வரவில்லை.
அடுத்த வளைவு. அதற்கடுத்தது.
பாலம், சரளை, ரயில் தண்டவாளம்.
டொக் இல்லை.
ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தேன்,
பணம் வீண்போகவில்லை என்று.

பத்தாவது வளைவிலோ பதினொன்றிலோ
முதுகில் ஒரு கனம்.
சூடாக, மெத்தென்று,
பிசைந்து ஊறவைத்த மாவு மூட்டையைச் சாய்த்தது போல.
என் இடுப்பைப் பிடித்திருந்த விரல்கள்
ஒவ்வொன்றாய்த் தளர்ந்துகொண்டிருந்தன.

இரவு ஒன்றரைக்கு எழுந்து
முந்நூறு ரொட்டி சுட்டுவிட்டு வந்தவன்.
பதினோரு வருடமாக அவனை விழிக்க வைத்தது
மலையழகும் இல்லை, நானும் இல்லை.

கஷ்கொட்டை மரத்தடியில் ஓரம் கட்டினேன்.
கை நடுங்கியது.
"வந்துட்டோமா?" என்றான்.
"இல்லை."
"வண்டி ரொம்ப நல்லாயிருக்கு."
கன்னத்தில் என் ஜாக்கெட்டின் தையல் வரி
அப்படியே பதிந்திருந்தது.

பழைய ஸ்பிரிங்கை நெவியோ
இரும்புக் கடையில் போட்டாயிற்று.
போடாவிட்டாலும் மாட்டியிருக்க மாட்டேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும்
நானே தலையைப் பின்னுக்கு வெட்டுகிறேன்:
டொக்.
கொஞ்சம் தாமதித்துப் பதில் வரும்:
டொக்.

கழுத்து வலிக்கிறது.
மறுபக்கம்.