இடது இடுப்பு

முதலில் என் கைகளைச் சூடாக்க வேண்டும்.
தை மாத ஏற்காட்டில் அது சின்ன வேலையல்ல.
ஃபிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறேன்:
பனி, பனிக்குள் ஒரு சில்வர் ஓக், அதன்மேல் மிளகுக்கொடி,
அதற்கப்பால் ஒன்றுமில்லை.

பிறந்து பதினேழு மணி நேரம்.
பெண். இரண்டு கிலோ எண்ணூறு.
தலை முந்தாமல் புட்டம் முந்தி
ஜீப்பிலேயே பாதி பிறந்துவிட்டவள்.

துணியை விலக்குகிறேன்.
காறை எலும்பின்மேல் ஒற்றை விரலை ஓட்டுகிறேன்,
முறிவில்லை, நறநறப்பில்லை.
கழுத்து இரு பக்கமும் திரும்புகிறது.
கை விரல் ஐந்து, ஐந்து.
எண்ணும்போது உதடு அசையக் கூடாது
என்பது எனக்கு நானே போட்ட சட்டம்.
அம்மாக்கள் உதட்டைத்தான் பார்க்கிறார்கள்.
உள்ளங்கையில் கவிழ்த்துப் பிடிக்கிறேன்.
தோலுக்கடியில் வரிசையாய் வைத்த மிளகு, முதுகெலும்பு.
குழியில்லை, மயிர்க்கற்றையில்லை.
உள்வளைந்த பாதங்கள் தள்ளினால் நேராகின்றன:
இடம் போதாமல் மடங்கிக் கிடந்த வளைவு, அவ்வளவுதான்.

இடுப்பைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
அழவைக்கும் காரியம் எப்போதும் கடைசி.
அழுகிற பிள்ளையின் தசை பொய் சொல்லும்.

தொடை மடிப்பு வலதில் இரண்டு, இடதில் மூன்று.
முழங்கால்களை மடக்கி நிறுத்தினேன்,
இடது ஒரு நெல்லளவு தாழ்ந்திருந்தது.
கட்டைவிரல் உள்தொடையில், நடுவிரல் மூட்டின் வெளியே.
மெல்ல விரித்தேன்.

அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது.
காதுவரை வராது.
கொண்டை ஊசி வளைவில் கியர் விழுவது
ஓட்டுநரின் உள்ளங்கைக்கு மட்டும் தெரியுமே, அது.
வெளியே நின்ற எலும்பு உள்ளே போனது.
நான் கையைத் தளர்த்தியதும்
மறுபடி வாசலுக்கு வந்து நின்றது.

சிலம்பரசி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.
என் உதட்டைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.
"எடதா?"
நான் வாய் திறப்பதற்குள்
"எனக்கும் எடதுதான் சிஸ்டர்."

நேற்றிரவு ஸ்ட்ரெச்சரில் வந்தவள்.
அவள் நடந்து நான் பார்க்கவே இல்லை.
படிவத்தில் 'குடும்பத்தில் எவருக்கேனும்' என்ற வரிக்கு எதிரே
'இல்லை' என்றிருந்தது,
என் கையெழுத்தில்.

"என் காலை யாரும் விரிச்சுப் பாக்கல.
நடக்கறப்பதான் சாஞ்சேனாம்.
எஸ்டேட்ல தெரியாது சிஸ்டர். சரிவுல
எடது காலை மேட்டுப் பக்கம் வெச்சா
எல்லாரையும் விட நேரா நிப்பேன்.
ஒரு வரிசை காப்பிப் பழம் அப்படியே பறிச்சுட்டுப் போயிருவேன்.
திரும்பி வர்ற வரிசைதான்..."
சிரித்தாள்.
"சேலத்துக்கு எறங்கினாத்தான் நொண்டி."

சேலத்துக்குத்தான் இறங்கச் சொன்னேன்.
பெரியாஸ்பத்திரி, எலும்புப் பிரிவு, காலையில் போனால் கூட்டம் குறைவு.
தோளிலிருந்து பாதம்வரை வார் போடுவார்கள்,
தவளைபோலக் கால் விரிந்தே இருக்கும், இரவும் பகலும்.
வலிக்காது.
குளிப்பாட்டும்போது காலை நீவி நீட்டாதே,
இரண்டையும் சேர்த்துத் துணி சுற்றாதே.
"நீட்டித்தானே சுத்துவாங்க?"
"தெரியும்."
"என்னையும் அப்படித்தான் சுத்தினாங்களோ என்னவோ."
ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.
அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

தசை, எலும்பு என்ற கட்டத்துக்கு
ஓரங்குல இடம் விட்டிருக்கிறது அரசாங்கம்.
அதை எழுதி முடித்து, மேலே போய்
'இல்லை'யை அடித்தேன். பக்கத்தில் 'தாய், இடது.'
கையெழுத்து. நேரம்.

ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு வந்தாள்.
இந்த முறை வாசலிலிருந்தே அவள் நடையைப் பார்த்தேன்:
சிமெண்டுத் தரையில் இடப்பக்கம் தாழ்ந்து எழுந்து,
மார்பில் வாரோடு பிள்ளை,
வாரில் பால் கறை, கண்மை.
அதைக் கழற்றக் கூடாது.
இடுப்பைத் தொட எனக்கு உத்தரவில்லை.
ஊசி ஏறியதும் பிள்ளை வீரிட்டு உதைத்தது.
இரண்டு காலும் ஒரே உயரமா?
கண்ணால் சொல்ல முடியாது, அடுத்த ஸ்கேன் மாசியைத் தாண்டித்தான்.

எதற்கோ அதன் விரல்களை எண்ணினேன்,
ஐந்து, ஐந்து.
உதடு அசைந்தது.