பத்துக்கு ஏழு

நாற்பத்தோரு மணி நேரம் செலவழித்து
ஒரு நகரம் கட்டினேன்.
ஆறு ஒன்று, பாலம் மூன்று,
கஜானாவில் எந்நேரமும் பணம்.
கார்கள் வீட்டு வாசலை அடைந்ததும்
கைக்குட்டைபோல் மடிந்து காணாமல் போகும்.
நிறுத்துமிடமே தேவைப்படாத ஊர்.

பகலில் நான் க்ளென்டேல் நகராட்சியில்
நிறுத்துமிடங்களைத்தான் எண்ணுகிறேன்.
பல் மருத்துவருக்கு இருபத்திரண்டு.
சவப்பெட்டிக் கடைக்குப் பதினொன்று.
வாடிக்கையாளர் ஓட்டிக்கொண்டு வரமாட்டாரே என்று
ஒரு கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன்.
யாரும் சிரிக்கவில்லை.

இரவில் வீடியோ கேம் விமர்சனம்.
வார்த்தைக்குப் பன்னிரண்டு சென்ட்.

எழுதினேன்: சாலைகள் வளையும் விதம் அழகு.
மண்டல விதிகள் குழந்தைத்தனம்.
குடிமக்களின் புலம்பலைத்தான் தாங்க முடியவில்லை,
மூன்று லட்சம் பேருக்கும் ஒரே தொண்டை,
தண்ணி வரல, தண்ணி வரல என்று.
ஒன்பதாம் மணியில் ஒலியை அணைத்தேன்.
பத்துக்கு ஏழு.

செவ்வாய்க்கிழமை நான்காம் கவுன்டருக்கு
ஒரு பெண் வந்தாள்.
கழுத்தில் மாட்டிய சின்னப் பலகையில்
எழுதிக் காட்டினாள்:
பேசக்கூடாது. டாக்டர். இரண்டு வாரம்.
படிவத்தில் பெயர் சிரானுஷ் தெர்ஸியன்.
தொழில்: குரல்.

கார் ஷெட்டை ஒலிப்பதிவு அறையாக்க அனுமதி வேண்டும்.
ஸ்டுடியோ வாடகை தரக் கம்பெனிகளுக்கு இப்போது மனமில்லை;
வீட்டிலேயே கத்தி அனுப்பு என்கிறார்கள்.
துணி அலமாரிக்குள் நின்று கத்தியிருக்கிறாள்,
குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவே.
பக்கத்து வீட்டுக்காரர் இருமுறை போலீஸைக் கூப்பிட்டார்.
இரண்டாம் முறை வந்த காவலருக்கு
வேலைத்தாளைக் காட்டினாளாம்:
எரிதல், நீளம். எரிதல், குட்டை.
பாலத்திலிருந்து விழுதல், மூன்று உயரங்களில்.
நீரில் மூழ்குதல், நம்பிக்கையோடு.
நீரில் மூழ்குதல், நம்பிக்கை இல்லாமல்.

படிவத்தின் ஏழாம் கேள்வி:
இத்தொழிலின் சத்தம் சுவருக்கு வெளியே கேட்குமா?
அவள் பதில்: அதற்குத்தான் கூலி.

வருமானச் சான்றாக ஒரு ரசீது.
நான்கு மணி நேரம், ஒரே தவணை, பிறகு எதுவும் கிடையாது.
பாத்திரம்: குடிமக்கள், பெண்கள், ஒன்றுமுதல் நாற்பதுவரை.
விளையாட்டின் பெயர்: நீலப் பூசணி.
அது பொய்ப் பெயர். வெளியாகும்வரை
எதில் சாகிறோம் என்று அவர்களுக்குச் சொல்வதில்லை.
கீழே எறும்பு எழுத்தில் இன்னொரு வரி,
இந்தக் குரலை வைத்து இயந்திரத்துக்குப் பேசக் கற்றுத்தரலாம் என்று.
அதை மட்டும் பேனாவால் அடித்திருந்தாள்.
அடித்தது செல்லுமா என்று அவளுக்கும் தெரியவில்லை.

ரசீதோடு ஒட்டிக்கொண்டு வசனத்தாளும் வந்துவிட்டது.
முதல் வரி: தண்ணி வரல.
அறுபது விதமாக.

நான் விதியைப் படித்துச் சொன்னேன்:
ஷெட்டை எடுத்தால் காருக்கு வேறு இடம் காட்ட வேண்டும்.
பலகையைத் துடைத்து எழுதினாள்: கார் இல்லை. பஸ்.
இருந்தாலும் காருக்கு இடம் வேண்டும் என்றேன்.
இல்லாத காருக்கா?
இல்லாத காருக்கு.

கை சும்மா இருக்கவில்லை.
பலகையை வாங்கி அந்த விளையாட்டின்
நிஜப் பெயரை எழுதிக் கொடுத்தேன்.
அவள் கண்கள் அகன்றன. விளையாடினீர்களா?
தலையாட்டினேன். மதிப்பெண்ணைச் சொல்லவில்லை.
கொஞ்சம் யோசித்து எழுதினாள்:
கடைசியில் தண்ணீர் விட்டீர்களா?

விடவில்லை.
கிழக்கு வார்டுக்குக் குழாய் போடாமல்
மிச்சம் பிடித்ததில்தான் மூன்றாவது பாலம்.

அன்றிரவு பாலத்தை இடித்தேன். குழாய் பதித்தேன்.
ஒலியை முழுதாகத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்.
வீடு வீடாக நீல விளக்கு எரிந்தது.
ஒரு சத்தமும் இல்லை.
தண்ணீர் வந்தவர்களுக்கு
யாரும் வசனம் எழுதவில்லை.

படிவம் இன்னும் என் மேசையில்.
இல்லாத காரை எங்கே நிறுத்துவது என்று
வரைபடத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.
நீளம் பதினெட்டு அடி, அகலம் ஒன்பது.