எந்தப் பக்கம்

ஜூன் கடைசியில் சுவரில் ஒரு தேமல்.
ஜூலை பிறந்ததும்
அலமாரிக்குப் பின்னால் போய்
கறுத்துத் திரும்பி வந்தது.
புளித்த மாவின் வாசனை
தலையணை உறைக்குள், பள்ளிச் சீருடைக்குள்,
பைபிளின் மெல்லிய தாள்களுக்குள்.
பெனிட்டாவுக்கு இழுப்பு
இரவு இரண்டு மணிக்கு வரும்.
ஹார்பர் லைனில் கடைசி வண்டியும் போன பிறகு
திலக் நகரில் மிச்சமிருக்கும் ஒரே விசில்.

மேல்வீட்டு தாண்டேல்தான் என்றோம்.
எங்கள் படுக்கையறைக்கு நேர் மேலே
அவர் குளியலறை.
வாளி நகரும் ஓசை கேட்டாலே
ஜெபராஜ் சீலிங்கை முறைப்பான்.
சொசைட்டிக்கு மூன்று கடிதம்.
பொதுக்குழுவில் ஒரு கூச்சல்.
படிக்கட்டில் அவர் நீட்டிய பொட்டலத்தை,
மே மாத வெயிலில் காய்ந்த பொம்பில் கருவாட்டை,
கருவாடென்றால் உயிரை விடுகிற நான்
கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு
வேண்டாமென்று இறங்கிப் போனேன்.

பூச்சு வேலைக்கு முப்பத்தெட்டாயிரம் கேட்பான்
என்று நினைத்துத்தான் இஷ்டியாக்கை வரச்சொன்னோம்.
சுவரைத் தட்டினான். முகர்ந்தான்.
ஜன்னலைப் பார்த்தான்:
கொசுவுக்கும் சாரலுக்கும் மெட்ரோ தூசிக்கும் பயந்து
ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தோம்.
"சப்பாத்தி சுற்றுகிற தாள் இருக்கா?"
ஒரு முழம் கிழித்துச் சுவரில் வைத்து
நாலு பக்கமும் ஒட்டினான்.
"ரெண்டு நாள் கழித்துப் பாருங்க.
பின்பக்கம் வேர்த்தால் சுவர்.
முன்பக்கம் வேர்த்தால் நீங்க."
இந்தியில்தான் சொன்னான்.
தமிழில் யோசித்தாலும் குத்தத்தான் செய்தது.

ரெண்டு நாளும் நாங்கள் வழக்கம்போல வாழ்ந்தோம்.
கட்டிலுக்குக் குறுக்கே கொடி,
அதில் சொட்டும் பெட்ஷீட்.
குக்கர் ஐந்து விசில்.
கதவைத் திறந்துபோட்டு வெந்நீர்க் குளியல்.
மூடிய அறையில்
மூன்று பேரின் மூச்சு.

ஞாயிறு காலை, கோயிலுக்குப் போகுமுன்
டேப்பை நகத்தால் பிரித்தேன்.
பின்பக்கம் பொரித்த அப்பளம்போல் காய்ந்திருந்தது.
முன்பக்கம் முழுக்க முத்து முத்தாய்.
ஒன்று என் விரல் பட்டு ஓடி
மற்றதையும் இழுத்துக்கொண்டு இறங்கியது.

எந்தத் துளி யாருடையது?
சோற்றின் ஆவி, காலுறையின் ஈரம்,
அழுதால் பெனிட்டா விழிப்பாளென்று
நான் போர்வைக்குள் அழுதது.
தாண்டேலைத் திட்டித் திட்டி
ஜெபராஜ் விட்ட மூச்சும்
அதில் இருந்திருக்கும்.

அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்தோம்.
அந்தச் சாணுக்குள் எத்தனை வருடத்துத் தூசி!
கொடி வராந்தாவுக்குப் போனது.
குளியலறையில் விசிறியொன்று
வண்டுபோல் இரைகிறது.
மழை மூச்சு வாங்கும் போதெல்லாம்
எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து
அது உள்ளே வந்து
எங்களைக் கூட்டிப் பெருக்கிப் போகட்டுமென்று
நிற்கிறேன்.

இழுப்பு நின்றுவிடவில்லை.
நேற்று மூன்று மணிக்கு வந்தது.
ஒரு மணி நேரம் லாபம்.

நான்காவது கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.
தாண்டேலுக்கு, நேராக.
"ஐயா" வரை வந்திருக்கிறது.
திறந்த ஜன்னல் வழியே
வாளி நகரும் ஓசை இப்போது இன்னும் தெளிவு.
ஜெபராஜ் நிமிர்ந்து பார்க்கவில்லை.
மேலே தண்ணீர் விழுகிறது,
அவர் வீட்டுத் தண்ணீர்,
அவர் வீட்டிலேயே.