அடிப்பக்கம்

முதலில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.
முகத்தைப் பார்ப்பவர்கள் புதியவர்கள்.
பிதுங்கிய கண், சுளித்த புருவம், பல்வரிசை
எல்லாம் அச்சில் வார்த்த கோபம்,
அறுபது வருஷமாய்க் கூடவுமில்லை குறையவுமில்லை.
விஷயம் அடியில் இருக்கிறது:
ஜப்பான் என்றொரு முத்திரை,
அல்லது உரிந்துபோன சீட்டின் பசைத்தடம்,
அல்லது எப்போதோ மூடிய உணவகத்தின் தொலைபேசி எண்,
இரண்டு எழுத்தில் தொடங்குவது,
இன்று அழைத்தால் யாருக்கும் மணி அடிக்காது.

ஃபிரெஸ்னோவில் ஜனவரி மூடுபனி.
காலை ஐந்தே காலுக்கு
என் கையில் ஏழாம் எண் துண்டுச் சீட்டு.
லாயிட் ஹகோபியன் கையில் ஆறு.
எப்போதும் இப்படித்தான்,
எனக்கு ஒரு எண் முன்னால் அந்தக் கம்பளித் தொப்பி.
ஓய்வுபெற்ற தபால்காரர்.
கோட்டுப் பையில் டார்ச், அளவு நாடா,
பீங்கானைச் சுற்ற இரண்டு ஜோடிப் பழைய சாக்ஸ்.

இறந்தவர் பல் வைத்தியராம்.
கார் நிறுத்துமிடத்தை மறித்து
மூங்கில் ஒட்டி ஒரு மதுக்கூடம் கட்டியிருந்தார்.
ஊதிய பேத்தை மீனுக்குள் நாற்பது வாட் பல்பு.
பஞ்சு வைக்கும் கண்ணாடி ஜாடியில்
கலக்குகிற குச்சிகள், நிறவாரியாக.
அலமாரியில் முப்பது கோப்பைகள்;
பல் தெரியாத முகம் ஒன்றுகூட இல்லை.

அங்கே இருந்தது அது.
பச்சை மெருகு வழிந்து தாடையில் உறைந்தது.
ஒன்பது வருஷமாய் என் பட்டியலில் முதலாவது.
ஆறாம் எண் ஏழுக்கு முந்தியது, அவ்வளவுதான்.
லாயிட் எடுத்தார், கவிழ்த்தார், டார்ச் அடித்தார்,
தலையாட்டினார்.
பிறகு யாரும் செய்யாததைச் செய்தார்:
நிமிர்த்தி, உள்ளே மூக்கை வைத்தார்.

அவர் வீட்டில் இருநூற்றுப் பதினாறு கோப்பை,
ஒன்றிலும் ஈரம் கிடையாது.
ஒன்றில் பல் துலக்கி, ஒன்றில் மாத்திரை,
மற்றதெல்லாம் மேலே பார்த்துத் திறந்த வாய்கள்.
எங்கள் கூட்டங்களில் அவருக்கு மட்டும்
வெறும் அன்னாசிச் சாறு,
காகிதக் குடை மாத்திரம் கேட்டு வாங்கிக்கொள்வார்.
குடிக்காதவர் ஏன் கோப்பை சேர்க்கிறார் என்று
நான் கேட்டதில்லை.
நீந்தத் தெரியாதவர்கள் சங்கு பொறுக்குவதில்லையா.

"கழுவாம வச்சுட்டுப் போயிட்டார்" என்றார்.
அடியில் பிசுக்கு. ரம், எலுமிச்சை, கிராம்பு.
பல் வைத்தியரின் கடைசி மாலை
விரல் தடிமனுக்கு உலர்ந்திருந்தது.
"பதினோரு வருஷம் ஆச்சு எனக்கு.
இதை நான் கழுவ முடியாது. நீ எடுத்துக்கோ."
சொல்லிக்கொண்டே, கைப்பழக்கம்,
சாக்ஸுக்குள் நுழைத்துக் கொடுத்தார்.
அவர் முடிக்கும் முன்பே வாங்கிவிட்டேன்.
வெட்கப்பட நேரமில்லை,
எட்டும் ஒன்பதும் வாசலில் நின்றன.

பணப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த சலோட்டே
தோங்கா தீவுக்காரி.
சாக்ஸை விலக்கிப் பார்த்தாள்.
"இது சாமியா?"
"இல்லை, கோப்பை."
"நல்லதாப் போச்சு, நாலு டாலர்.
சாமின்னா விலை சொல்லப் பயமா இருக்கும்.
ஆனா எங்க பக்கம் இந்த மூஞ்சி
யாருக்கும் கிடையாது."
சில்லறை எண்ணும்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள்.
நானும் சிரித்தேன், ஒரு கணம் தாமதமாக.

வெந்நீர், சோடா உப்பு, ஒரு ராத்திரி ஊறல்.
காலையில் அதே கோபம், சுத்தமாக.
அலமாரியில் இடம் பண்ணி,
நிலம் நடுங்கினாலும் விழாதபடி
அடியில் மெழுகு உருட்டி ஒட்டினேன்.
இனி அதன் முத்திரையை நானும் பார்க்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை, வேறொரு தெரு, அதே பனி.
துவைத்து மடித்த சாக்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.
"போயிடுச்சா வாசனை?"
"போயிடுச்சு."
லாயிட் அதை மூக்கருகே கொண்டுபோனார்,
பாதியில் நிறுத்தினார்,
கோட்டுப் பையில் செருகிக்கொண்டார்.
உள்ளிருந்து எண்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.
அவர் கையில் மூன்று.
என் கையில் நான்கு.