பொய்த் திறப்பு

ஃப்ரிபூரிலிருந்து தபாலில் வந்தது,
குமிழ்த்தாள் உறைக்குள் ஒரு கையடக்கப் பித்தளை.
சாந்த்ரீன் கடைந்த பூட்டு.
பகலில் அவள் கைக்கடிகாரங்களுக்குத் திருகாணி கடைபவள்.
கூடவே துண்டுச் சீட்டு:
ஆறு முளை. திட்டலாம், துளை போடக் கூடாது.
ஒரு மாதம். பிறகு பட்டியலில் அடுத்தவருக்கு.

திறப்பு வரவில்லை.

சாவி என்கிறவர்களுக்கு இதில் பாதிதான் கேட்கும்.
எங்கள் பேச்சில் திறப்பு என்பது
சட்டைப்பையில் கிடக்கும் இரும்பும்தான்,
கதவு விலகும் அந்தக் கணமும்தான்.
ஒன்றைத் தராமல்
மற்றதைக் கேட்டிருந்தாள் சாந்த்ரீன்.

ஓல்டனில் நவம்பர்.
ஆரே ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி
ஸ்டேஷனைத் தின்றுவிட்டிருந்தது.
ரயில் வருவதை அறிவிப்பில்தான் நம்ப வேண்டும்.
எனக்கு அது பழக்கம்.
பூட்டுக்குள்ளும் கண் உதவாது.

பல் வைத்தியரின் பக்கத்தில் நிற்பது என் வேலை.
இன்னும் கொஞ்சம் திறவுங்கள் என்று
நாளுக்கு இருபது பேரிடம் சொல்வேன், திறப்பார்கள்.
முனை மழுங்கிய கொக்கிகளை
டாக்டர் ஹூர்லிமான் எனக்கே தந்துவிட்டார்,
எதற்கென்று கேட்காமல்.

கேட்டவள் தேவரஞ்சினி மச்சாள்:
"ஆரின்ர வீட்டை உடைக்கப் போறாய்?"
ஒருத்தற்றையும் இல்லை.
இந்த விளையாட்டுக்கு இரண்டே விதி.
உன்னுடையதல்லாத பூட்டைத் தொடாதே, கொடுத்தாலொழிய.
காவலில் இருக்கும் பூட்டை, உன்னுடையதே ஆனாலும், தொடாதே.
நிலவறையில் என் சைக்கிள் பூட்டு
என்னிடம் நாற்பது நொடி தாங்காது.
தெரிந்துகொண்டேதான் தினமும் பூட்டுகிறேன்.

இரவில் விளக்கை அணைத்துவிடுவேன்.
இடது சுட்டுவிரலில் வளைத்த தகடு,
பாணில் பட்டர் பூசும் அளவு பாரம்.
முதல் முளை வழுக்கும். இரண்டாவது கல்.
நாலாவது சொன்னவுடன் நிற்கும்,
அதனாலேயே அதை நம்பக் கூடாது.
பிறகு உருளை ஒரு மயிரளவு சுழன்று நிற்கும்.
இதுதான் பொய்த் திறப்பு.
எல்லாம் முடிந்ததுபோல் இருக்கும், வளையம் மட்டும் வராது.
நூற்கட்டை மாதிரி இடை சிறுத்த முளை ஒன்று
பள்ளத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்.
அழுத்தினால் இறுகும்.
விட்டால் எல்லாம் விழும்.
விடாமல் விட வேண்டும்.
எழுதுவது சுலபம்.

பத்தொன்பது இரவுகள்.
"இன்னும் படுக்கேல்லையோ" என்பதையும்
குகேந்திரன் நிறுத்திவிட்டான்.

இருபதாம் இரவு, ஒன்று ஐம்பது.
விரல் இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குத் தளர்த்தி
உருளையைப் பின்னால் சாயவிட்டேன்.
மூன்றாவது முளை
பால்பல் ஆடுவதுபோல் ஆடி
ஏறியது.
வளையம் துள்ளிக் கட்டைவிரல் நகத்தில் அடித்தது.

கத்தவில்லை. யாரை எழுப்ப?
கையில் திறந்த பூட்டு, பிரிட்ஜின் உறுமல்.
அப்புறம் ஒரு காரியம் செய்தேன்,
கை கழுவியதும் குழாயை மூடுகிற மாதிரி, யோசியாமல்.
அழுத்திப் பூட்டினேன்.

மீதிப் பத்து இரவும் அது திறக்கவில்லை.

படமில்லை, சாட்சியில்லை.
பீட்சாக் கடையின் பின்னறையில், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்
ரேட்டோவும் மற்றவர்களும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்,
தப்பிய மீனின் நீளத்தைக் கேட்பவர்கள்போல.

சாந்த்ரீனுக்கு எழுதினேன்: ஒருதரம் திறந்தது.
அவள் கேட்டது ஒன்றுதான்: கடைசியாக ஏறியது எது?
மூன்று, என்றேன்.
இரண்டு நாள் கழித்துப் பதில்:
நாலு என்று நினைத்தல்லவா செய்தேன்.

அதற்குமேல் அவளும் எழுதவில்லை, நானும்.

பட்டியலில் அடுத்தவர் வின்டர்தூரில் இருக்கிறார்.
உறையை ஒட்டி, பனிக்குள் தபால் நிலையம் தேடி நடந்தேன்.
எடை பார்த்தவள் உள்ளே என்ன என்றாள்.
பூட்டு.
திறப்பும் இருக்கிறதா?

கையுறையைக் கழற்றிக் காசு எடுத்தேன்.
நகத்தடியில் நீலமாக ஒரு புள்ளி.
நகத்தோடு வளர்ந்து அது வெளியேற
இன்னும் இரண்டு மாதமாவது ஆகும்.