மூக்கில் சுண்டினால்

மூஸ் மானின் மூக்கில் சுண்டினால்
வயிற்றில் விளக்கு எரிய வேண்டும்.
மறுபடி சுண்டினால் அணைய வேண்டும்.
அவ்வளவுதான் கேட்டேன்.

உடம்பு காகிதக்கூழ்.
கீருனாவில் எங்கள் கட்டடத்தை எப்போது இடிப்பார்கள் என்று
சுரங்க நிறுவனம் அனுப்பிய கடிதங்கள்,
மைதாப் பசையில் ஊறியவை.
இடது கொம்பில் இன்னும் ஒரு தேதி தெரிகிறது.

சுவிட்சுதான் சிக்கல்.

முதலாவதில் குழலுக்குள் ஒரு குண்டு.
பிடித்து உலுக்கினால்தான் உருளும்,
குத்துச்சண்டைக்காரனுக்குச் செய்தது போல.
இரண்டாவது
தும்மினால் எரிந்தது,
மாடியில் பீரெத் நாற்காலியை இழுத்தால் அணைந்தது.
மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான்காவது:
நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் மயிரிழைச் சுருள்,
இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு இடம்.
ஃப்ரிட்ஜ் முனகியதற்கே விழித்துக்கொண்டது.
தொட்டாற்சிணுங்கி கேட்டால்
தொடாமலே சிணுங்குகிறது.

தூரே சிரித்தான்.
"இதை வைத்தால் என் சம்பளம் பேட்டரிக்கே போகும்."
நாளெல்லாம் பூமிக்கடியில்
துளை துளையாய் மருந்து நிரப்பிவிட்டு வந்தவன்,
சோப்புக்கும் போகாத வாசனையோடு படுத்தான்.

சுருளில் ஒரு சுற்று வெட்டினேன்.
பிறகு அரைச் சுற்று.
ஃப்ரிட்ஜ் முனகியது. பீரெத் நடந்தாள்.
மான் அசையவில்லை, இருட்டாக நின்றது,
சன்னலுக்கு வெளியே டிசம்பர் நின்றதைப் போல.

இரவு ஒன்று இருபது.
கீழே எங்கோ ஒரு கனத்த கதவைச் சாத்தினார்கள்.
கேட்டதா என்றால், இல்லை.
தினம் இந்நேரத்துக்குப் பாறையை வெடிக்கிறார்கள்,
கேட்பதை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம்.

மான் எரிந்தது.
கொம்பின் தேதி பளிச்சென்று தெரிந்தது.

படுக்கையறைக்குப் போனேன்.
வாய் திறந்து தூங்குகிறான் தூரே.
வலக்கை மட்டும்
கட்டில் விளிம்பை இறுகப் பற்றியிருந்தது.
பிறகு ஒவ்வொரு விரலாக விட்டது.

திரும்பி வந்து மானின் எதிரில் உட்கார்ந்தேன்.
அணைக்கக் கை போகவில்லை.

காலையில் கேட்டான்:
"எதை வைத்தாய்?"
"நான்காவது. ஒன்றரைச் சுற்று குறைத்து."
"ராத்திரி எரிந்ததா?"
"இல்லையே."

காபிக் கோப்பையோடு போகிற போக்கில்
மூக்கில் சுண்டினான்.
எரியவில்லை.
இன்னொரு முறை சுண்டினான்.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான்.

ஒன்றும் சொல்லாமல்
கரண்டி போடும் இழுப்பறையைத் திறந்து
துழாவி
இரண்டு பேட்டரி எடுத்து வந்தான்.